எதிரி வீட்டு இழவு: போரைப் பற்றிய கிரேக்கத் துன்பியல் நாடகங்கள்

பேருந்து கவிழ்ந்தால் 'ட்ராஜடி' என்கிறோம். படத்தின் கடைசியில் நாயகன் செத்துப்போனால் 'ட்ராஜடி முடிவு' என்கிறோம். இலக்கியம் படித்தவர்களைக் கேட்டால், விதியை யாராலும் வெல்ல முடியாது என்று சொல்வதுதான் கிரேக்க ட்ராஜடி என்பார்கள். போரைப் பற்றிய பேச்சு வந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: யூரிப்பிடீஸ் என்ற கிரேக்க நாடகக் கவிஞர் அந்தக் காலத்திலேயே போர் எதிர்ப்பு நாடகம் போட்டவர் என்று.

இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிரேக்க நாடகத்தைப் படிக்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். யூரிப்பிடீஸின் 'ட்ராய் நகரப் பெண்கள்' நாடகத்தை முதலில் எடுத்தபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கதை எங்கே, திருப்பம் எங்கே என்று தேடினேன். பெண்கள் அழுகிறார்கள். ஒருவன் வந்து செய்தி சொல்கிறான். மறுபடியும் அழுகிறார்கள். பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

சில வருடம் கழித்து ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாடகம் பிடிபட்டது. அதனால் இந்த விளக்கத்தையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சாவு வீட்டில் யாருக்காக அழுகிறோம்?

ஒப்பாரியில் ஒருத்தி தொடங்குவாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும். அங்கே அழுகிற எல்லாரும் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. ஒருத்தி நடுவில் தன் அப்பனைக் கூப்பிடுவாள். இன்னொருத்தி என்றைக்கோ பறிகொடுத்த தன் பிள்ளையைக் கூப்பிடுவாள். தன் வீட்டில் இழவு விழுந்த அன்று கல்லாக நின்றவள், அடுத்த வீட்டு இழவில் வாய்விட்டு அழுவாள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஹோமரின் 'இலியட்' காவியத்தில், பட்ரோக்ளஸ் என்ற வீரனின் பிணத்தின் மேல் விழுந்து ப்ரிஸேயிஸ் என்ற சிறைப்பிடிக்கப்பட்ட பெண் அழுகிறாள். கூட இருக்கும் பெண்களும் அழுகிறார்கள். பேருக்குத்தான் பட்ரோக்ளஸ், உண்மையில் ஒவ்வொருத்தியும் அழுதது தன் துக்கத்தை என்று ஹோமர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

கிரேக்க நாடகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் 'கொம்மோஸ்'. நடிகரும் பாடகர் குழுவும் மாறி மாறிப் பாடும் புலம்பல் அது. 'அடிப்பது' என்ற வினையிலிருந்து பிறந்த சொல். எதை அடிப்பது? மார்பை. மாரடித்து அழுவது என்று நாம் சொல்வதேதான்.

அந்தப் பாடகர் குழுவுக்குக் 'கோரஸ்' என்று பெயர். தொடக்கத்தில் 12 பேர், பிறகு 15 பேர். இவர்களைத் தெருக்கூத்தின் பின்பாட்டுக்காரர்கள் போலக் கற்பனை செய்துகொண்டால் பாதிதான் சரி. பின்பாட்டுக்காரர்கள் கதைக்கு வெளியே நிற்கிறவர்கள். கோரஸ் கதைக்கு உள்ளே இருப்பது. 'ட்ராய் நகரப் பெண்கள்' நாடகத்தில் கோரஸ் என்பது பிடிபட்டு அடிமையாகப் போகக் காத்திருக்கும் பெண்கள் கூட்டம். தலைவி புலம்பினால் கூடச் சேர்ந்து புலம்ப வேண்டிய எல்லாக் காரணமும் அவர்களுக்கும் இருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: போரைப் பற்றிய கிரேக்க நாடகத்தின் உயிர், கதையின் திருப்பத்தில் இல்லை, பலர் சேர்ந்து அழும் புலம்பலில் இருக்கிறது. அடுத்தவர் இழவில் தன் இழவை அழுவதுதான் அந்தப் புலம்பல் வேலை செய்யும் விதம். இனி, யார் யாருடைய இழவுக்கு அழுதார்கள் என்று பார்ப்போம். விஷயம் அங்கேதான் கூர்மையாகிறது.

பார்க்க வந்தவர்கள் யார்?

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ். ஒவ்வொரு வசந்த காலத்திலும் டயோனிசஸ் கடவுளுக்குப் பெருவிழா. அதில் நாடகப் போட்டி. மூன்று கவிஞர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், கடைசியில் கேலியும் கூத்தும் நிறைந்த ஒரு நாடகமும் போட வேண்டும். கோரஸுக்கு ஆகும் செலவை ஊரின் பணக்காரர் ஒருவர் தலையில் நகரம் சுமத்திவிடும். நடிகர்கள் அதிகம் போனால் மூன்று பேர். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் முகமூடி அணிந்தவர்கள். ராணியும் தாயும் விதவையும்கூட ஆண் குரலில்தான் அழுதார்கள்.

ஆக, துன்பியல் என்பது ஒரு விழாவுக்காக எழுதப்பட்ட, பாட்டும் ஆட்டமும் சேர்ந்த, பெரும்பாலும் புராணக் கதையை எடுத்துக்கொண்ட, கனமான நாடக வகை. முடிவு சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சோஃபோக்ளீஸின் 'ஃபிலோக்டீடீஸ்', யூரிப்பிடீஸின் 'ஹெலன்' இரண்டும் நல்லபடியாகவே முடிகின்றன. அவையும் துன்பியல் நாடகங்கள்தான்.

ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸின் தெற்குச் சரிவில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த ஆண்களில் பெரும்பாலோர் போருக்குப் போனவர்கள், போகப் போகிறவர்கள். ஏதென்ஸில் தனியாகப் 'படைவீரர்' என்று ஒரு கூட்டம் இல்லை. குடிமகன் என்றாலே கூப்பிட்டால் ஈட்டியோ துடுப்போ எடுக்க வேண்டியவன். மேடைக்கு எழுதியவர்களும் அப்படித்தான். ஈஸ்கிலஸ் கி.மு. 490இல் மாரத்தான் போரில் சண்டையிட்டவர். அதே போரில் அவருடைய சகோதரர் செத்தார். சோஃபோக்ளீஸ் கி.மு. 441இல் தளபதிகளில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

நாடகங்கள் தொடங்குமுன் நடந்த சடங்குகளையும் சொல்ல வேண்டும். ஏதென்ஸுக்குக் கட்டுப்பட்ட ஊர்கள் கட்டிய கப்பப் பணத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அரங்கில் கொண்டுவந்து வைத்தார்கள். போரில் அப்பாவை இழந்த பையன்களை நகரமே தன் செலவில் வளர்த்தது. அவர்கள் வயதுக்கு வந்ததும் கவசமும் கேடயமும் கொடுத்து இதே அரங்கில் அணிவகுக்க வைத்தது. அந்தக் கேடயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நகரத்துக்குத் துக்கத்தோடு ஒரு சிக்கலும் இருந்தது. ஊரில் பெண்கள் பெரிதாக ஒப்பாரி வைப்பதற்கு சோலன் என்ற பழைய தலைவரின் காலத்துச் சட்டங்கள் முன்பே கட்டுப்பாடு போட்டிருந்தன. முகத்தைக் கீறிக்கொள்ளக் கூடாது, கட்டிவைத்த ஒப்பாரி பாடக் கூடாது, அடுத்தவர் இழவில் போய் அழக் கூடாது என்று பிற்கால எழுத்தாளர் ப்ளூட்டார்க் சொல்கிறார். போரில் இறந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு பொது அடக்கம் நடக்கும். அதில் புகழுரை உண்டு, பெருமை உண்டு. ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் ஆற்றியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கும் உரையில், விதவைகளுக்குக் கிடைப்பது சில வரிகள்தான்: நல்லதோ கெட்டதோ, ஆண்கள் வாயில் உங்கள் பேச்சே அடிபடாமல் இருப்பதுதான் உங்களுக்குப் பெருமை என்கிறார்.

ஊர் அடக்கி வைத்த அந்த அழுகைக்கு மேடையில் இடம் கிடைத்தது. அதுவும் ஊரின் செலவிலேயே, ஊரின் பெரிய விழாவிலேயே. எனக்கு இது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஏன் நேராகச் சொல்லவில்லை?

சரி, இவ்வளவு போர் பார்த்த ஊர், தன் போர்களையே ஏன் மேடையேற்றவில்லை? ஒருமுறை கிட்டத்தட்ட அதைச் செய்து பார்த்தார்கள். கி.மு. 494இல் மைலீட்டஸ் என்ற கிரேக்க நகரத்தைப் பாரசீகர்கள் பிடித்து அழித்தார்கள். மைலீட்டஸ் ஏதென்ஸுக்கு உறவு ஊர். ஃப்ரினிகஸ் என்ற கவிஞர் சில ஆண்டுகளுக்குள் அதை நாடகமாகப் போட்டார். அரங்கம் முழுக்க விம்மி அழுதது. பிறகு என்ன நடந்தது என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார்: நம் சொந்தத் துயரத்தை நினைவுபடுத்திவிட்டாய் என்று கவிஞருக்கு 1000 ட்ரக்மா அபராதம் போட்டார்கள், அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். ட்ரக்மா என்பது அவர்களுடைய வெள்ளி நாணயம். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு நல்ல தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஒரு ட்ரக்மா.

இதை வெறும் தணிக்கை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சாவு வீட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். தன் வீட்டுப் பிணம் நடுவில் கிடக்கும்போது பாட்டைக் கேட்க யாருக்கும் காது இருக்காது. அடுத்த வீடு வேண்டும். கொஞ்சம் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தைக் கவிஞர்கள் இரண்டு வழிகளில் உண்டாக்கினார்கள். ஒன்று, இடத்தை மாற்றினார்கள்: எதிரியின் ஊருக்குப் போனார்கள். இன்னொன்று, காலத்தை மாற்றினார்கள்: பழைய ட்ராய் போருக்குப் போனார்கள்.

எதிரியின் அரண்மனையில்: 'பாரசீகர்கள்'

முதல் வழிக்கு நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் உதாரணம் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்'. கி.மு. 472. முழுமையாகக் கிடைத்துள்ள கிரேக்க நாடகங்களில் இதுவே மிகப் பழையது. இளைஞரான பெரிக்ளீஸ்தான் செலவை ஏற்றார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 480இல், பாரசீக மன்னன் செர்க்ஸீஸ் ஏதென்ஸுக்குள் புகுந்து அக்ரோபொலிஸின் கோயில்களை எரித்திருந்தான். அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் அவன் கடற்படையை நொறுக்கினார்கள். நாடகம் பார்த்தவர்களில் பலர் அந்தப் போரில் துடுப்புப் போட்டவர்கள். அவர்கள் தலைக்கு மேலே, குன்றின் உச்சியில், எரிந்த கோயில்கள் அப்படியே கிடந்தன. பார்த்தெனான் கோயிலை எழுப்பத் தொடங்கியது அதற்கும் 25 ஆண்டுகள் கழித்துத்தான்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஈஸ்கிலஸ் வெற்றி விழா நாடகம் போட்டிருக்கலாம். அவரோ கதையைப் பாரசீகத் தலைநகரான சூசாவுக்குக் கொண்டுபோனார். கோரஸ், பாரசீக முதியவர்கள். படை போய் வெகு நாளாயிற்று, சேதி இல்லை. கணவன் இல்லாத படுக்கைகளைப் பெண்கள் கண்ணீரால் நனைக்கிறார்கள் என்று முதியவர்கள் பாடுகிறார்கள். ராணித் தாய் கெட்ட கனவு கண்டு எழுந்து வருகிறாள். அப்புறம் தூதுவன் வருகிறான்.

இங்கே ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட வேண்டும். கிரேக்க நாடகத்தில் கொலையும் போரும் பெரும்பாலும் மேடையில் நடக்காது. கண்ணால் பார்த்தவன் ஒருவன் வந்து சொல்வான். இதைத் 'தூதுவன் உரை' என்பார்கள். மேடை வசதி இல்லாததால்தான் இப்படி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்குக் காரணம் வேறாகத் தெரிகிறது. நடுராத்திரியில் தொலைபேசி அடிக்கிறது. எடுத்தவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே நிற்கிறார். நாம் விபத்தைப் பார்க்கவில்லை. சேதி ஒரு மனிதருக்குள் இறங்குவதைப் பார்க்கிறோம். தூதுவன் உரை நம் கண்ணை அங்கேதான் திருப்புகிறது. போர்க்களத்தில் கத்தி யார் மேல் விழுந்தது என்பதைவிட, அது வீட்டில் இருப்பவர் மேல் எப்படி விழுகிறது என்பதே அதற்கு முக்கியம்.

'பாரசீகர்கள்' நாடகத்தின் தூதுவன், உடைந்த மரங்களும் பிணங்களும் மூடிக் கடலே தெரியவில்லை என்கிறான். தண்ணீரில் தத்தளித்தவர்களை கிரேக்கர்கள் சூரை மீன்களை அடிப்பதுபோல முறிந்த துடுப்புகளால் அடித்தார்கள் என்கிறான். அந்தத் துடுப்பைப் பிடித்திருந்த கைகள் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தன. செத்த பாரசீகத் தலைவர்களின் பெயர்களை அவன் ஒவ்வொன்றாக அடுக்குகிறான். ஆனால் நாடகம் முழுவதிலும் ஒரு கிரேக்கத் தளபதியின் பெயர்கூட வருவதில்லை. கடைசியில் செர்க்ஸீஸ் கந்தலாடையோடு வந்து நிற்கிறான். அவனும் முதியவர்களும் சேர்ந்து பாடும் நீண்ட கொம்மோஸோடு நாடகம் முடிகிறது.

ஏதென்ஸ்காரர்கள் இதைப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெற்றியின் பெருமிதம் நாடகத்தில் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெருமிதத்தைக் கேட்க அவர்கள் எதிரியின் தாய்க்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. நாடகம் பரிசும் வென்றது.

சுருக்கமாகச் சொன்னால்: சொந்த இழவை நேராகக் காட்டியவருக்கு அபராதம், எதிரியின் இழவைக் காட்டியவருக்கு முதல் பரிசு. தூரம் இருந்ததால் பார்க்க முடிந்தது. பார்த்த பிறகு தூரம் தானாகக் குறைந்தது.

பழங்காலத்தில்: 'ட்ராய் நகரப் பெண்கள்'

இரண்டாவது வழி, பழைய கதை. பத்து ஆண்டு முற்றுகைக்குப் பிறகு கிரேக்கர்கள் ட்ராய் நகரத்தை எரித்த கதை ஏதென்ஸில் குழந்தைகளுக்கும் தெரியும். அதை வைத்து எழுதியவர்களில் யூரிப்பிடீஸ் தேர்ந்தெடுத்த நேரத்தைக் கவனியுங்கள். சண்டையும் மரக்குதிரையும் முடிந்துவிட்டன. கணவன்மார்கள் செத்துவிட்டார்கள். விடிந்துவிட்டது. வென்றவர்களின் கூடாரங்களுக்கு முன்னால், யார் யாருக்கு அடிமை என்று தெரியாமல் பெண்கள் காத்திருக்கிறார்கள். முன்பு ராணியாக இருந்த ஹெக்யூபா தரையில் கிடக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு நாடகம் தொடங்குகிறது. நான் தேடிய திருப்பங்கள் ஏன் இல்லை என்பதற்கு இதுதான் விடை. தோற்றவர்களுக்கு இனி திருப்பம் என்று ஒன்று இல்லை. சேதிகள் மட்டும்தான் வரும்.

தொடக்கத்திலேயே இரண்டு கடவுள்கள் வந்து பேசிக்கொள்கிறார்கள். கோயிலை அசுத்தப்படுத்திய கிரேக்கர்களின் கப்பல்களை வழியில் புயலில் சிக்க வைப்பது என்று முடிவாகிறது. இது மேடையில் இருக்கும் வெற்றியாளர்களுக்குத் தெரியாது. பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதன்பின் ஒவ்வொரு அதிகாரக் கட்டளையும், நாளைக்கு மூழ்கப் போகிறவன் வாயிலிருந்து வருவதாகத்தான் காதில் விழும்.

சேதி கொண்டுவருபவன் டல்தீபியஸ், கிரேக்கப் படையின் தூதன். ஹெக்யூபாவின் மகள் கஸாண்ட்ரா, கிரேக்க மன்னன் அகமெம்னானுக்கு அடிமை என்கிறான். மருமகள் ஆண்ட்ரோமகி, அவள் கணவன் ஹெக்டரைக் கொன்ற அகில்லீஸின் மகனுக்கு. கிழவி ஹெக்யூபா, அவள் மிகவும் வெறுக்கும் ஒடிஸியஸுக்கு. இன்னொரு மகள் பாலிக்ஸீனா எங்கே என்று கேட்டதற்கு, அகில்லீஸின் சமாதிக்குப் பணிவிடை செய்கிறாள் என்று பூசி மெழுகுகிறான். அவளை அந்தச் சமாதியில் பலி கொடுத்துவிட்டார்கள்.

கஸாண்ட்ரா பந்தத்தோடு ஆடிக்கொண்டு வந்து தனக்குத் தானே கல்யாணப் பாட்டு பாடுகிறாள். பித்துப் பிடித்தவள் என்கிறார்கள். அவள்தான் நாடகத்திலேயே மிகத் தெளிவாகக் கணக்குப் போடுகிறவள். கிரேக்கர்கள் ஒரு பெண்ணுக்காக அன்னிய மண்ணில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பிள்ளைகளைப் பார்க்காமல் செத்தார்கள், மனைவி கையால் சவத்துணிகூடப் போர்த்தப்படாமல் கிடக்கிறார்கள் என்கிறாள். ட்ராய்க்காரர்களோ தங்கள் மண்ணுக்காகச் செத்தார்கள், சொந்தக்காரர்கள் கையால் அடக்கமானார்கள். தோற்ற எங்களுக்குத்தான் நல்ல சாவு என்பது அவள் வாதம். வெளியூர்ப் போர்களில் உறவினர்களை இழந்த ஏதென்ஸ்காரன் ஒருவனுக்கு இந்த வரிகள் எங்கே போய்த் தைத்திருக்கும்!

அப்புறம் ஆண்ட்ரோமகி வருகிறாள். ஒரு வண்டியில், கொள்ளையடித்த சாமான்களோடு சாமானாக, மடியில் சின்ன மகன் அஸ்டியனாக்ஸோடு. டல்தீபியஸ் திரும்பவும் வருகிறான். இந்த முறை அவனுக்கு வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: ஹெக்டரின் மகன் வளர்ந்தால் ஆபத்து, அவனைக் கோட்டை மதிலிலிருந்து கீழே எறிவதென்று சபை முடிவெடுத்துவிட்டது. நீ படையைச் சபிக்காதே, சபித்தால் பிணத்தைப் புதைக்கவும் விடமாட்டார்கள் என்று ஆலோசனையும் சொல்கிறான். அவள் பிள்ளையை அணைத்து, அவன் மேனியின் இனிய வாசனையைச் சொல்லி அழுகிறாள். பிறகு கிரேக்கர்களைப் பார்த்து, காட்டுமிராண்டித்தனத்தைக் கண்டுபிடித்தவர்களே என்கிறாள். மற்ற இனத்தாரையெல்லாம் காட்டுமிராண்டிகள் என்று அழைத்துவந்த கூட்டத்தின் முன்னால் இதைச் சொல்கிறாள்.

பிள்ளை திரும்பி வருவது பிணமாக. ஹெக்டரின் பெரிய கேடயத்தின் மேல் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். ஆண்ட்ரோமகியின் கப்பல் போய்விட்டது. போகுமுன், அந்தக் கேடயத்திலேயே வைத்துப் புதையுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அடக்கம் செய்ய மிச்சம் இருப்பது பாட்டி மட்டும். உனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வரும் வழியில் ஆற்றில் உடலைக் கழுவிவிட்டேன், குழியும் நானே தோண்டுகிறேன் என்கிறான் டல்தீபியஸ். எதிரிப் படையின் கட்டளையைக் கொண்டுவந்த அதே ஆள்.

ஹெக்யூபா பேரனின் கைகளைப் பார்க்கிறாள். அப்பன் கை அப்படியே இருக்கிறது, மூட்டு விட்டுப்போய்த் தொங்குகிறது. பாட்டி, நீ செத்தால் என் முடியை வெட்டி உன் சமாதியில் வைப்பேன் என்று சொன்னாயே, இப்போது நான் உன்னைப் புதைக்கிறேனே என்கிறாள். கேடயத்தின் பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடம் இருக்கிறது, விளிம்பில் அவன் வியர்வைக் கறை இருக்கிறது. உன் கல்லறையில் ஒரு கவிஞன் என்னதான் எழுதுவான், இந்தக் குழந்தைக்குப் பயந்து கிரேக்கர்கள் கொன்றார்கள் என்றா, கிரேக்கத்துக்கு அது வெட்கம் அல்லவா என்று கேட்கிறாள்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன கேடயம் இங்கே வருகிறது. இதே விழாவில், இதே அரங்கில்தான் போரில் தகப்பனை இழந்த ஏதென்ஸ் பிள்ளைகள் நகரம் கொடுத்த கேடயத்தோடு கைதட்டலுக்கு நடுவே நடந்து போவார்கள். எதிரியின் தகப்பனில்லாப் பிள்ளை அதே தரையில் தன் தகப்பனின் கேடயத்தின் மேல் கிடக்கிறது. யூரிப்பிடீஸ் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கடைசியில் நகரத்துக்குத் தீ வைக்கிறார்கள். பெண்கள் மண்டியிட்டுக் கையால் நிலத்தைத் தட்டி, கீழே இருக்கும் செத்தவர்களைக் கூப்பிடுகிறார்கள். பிறகு கப்பல்களை நோக்கி நடக்கிறார்கள்.

அப்படியானால் இது போர் எதிர்ப்பு நாடகமா?

இந்த நாடகம் மேடையேறியது கி.மு. 415 வசந்தத்தில். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பெரும்போர் கி.மு. 431இல் தொடங்கி, இடையில் ஒரு சமாதானத்தோடு, இழுத்துக்கொண்டே போன காலம். முந்தின குளிர்காலத்தில்தான் மேலோஸ் என்ற சிறிய தீவு ஏதென்ஸிடம் சரணடைந்தது. பிடிபட்ட ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள், பிறகு 500 ஏதென்ஸ்காரர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். கி.மு. 421இல் ஸ்கியோனே என்ற ஊருக்கும் இதே கதிதான்.

மேலோஸில் நடந்ததற்கு எதிர்வினையாகவே யூரிப்பிடீஸ் இதை எழுதினார் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பேன். மேலோஸ் விழுந்ததற்கும் விழாவுக்கும் இடையே சில மாதங்கள்தான். நாடகம் எழுதி, தேர்வாகி, கோரஸுக்குப் பயிற்சி கொடுக்க அது மிகக் குறைவு. அதோடு, யூரிப்பிடீஸுக்கு மேலோஸ் தேவைப்படவும் இல்லை. கி.மு. 427இலேயே மைட்டிலீனி நகரத்து ஆண்களையெல்லாம் கொல்ல ஏதென்ஸ் மக்கள் சபை வாக்களித்தது. மறுநாள் மனம் வருந்தி முடிவை மாற்றி, முதல் கப்பலைத் துரத்திப் பிடிக்க இரண்டாவது கப்பலை அனுப்பியது. நாடகத்தில் ஒரு 'சபை' பிள்ளையைக் கொல்ல முடிவெடுக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சபையில் கை தூக்குகிறவர்கள்.

அதே சமயம், போரே வேண்டாம் என்ற கோஷம் இந்த நாடகத்தில் கிடையாது. புத்தியுள்ளவன் போரைத் தவிர்க்க வேண்டும், ஆனால் வந்துவிட்டால் நாட்டுக்காக நல்லபடி சாவது மகுடம் என்று கஸாண்ட்ராவே சொல்கிறாள். சமாதானம் செய்யுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் வேலையை அந்த ஊரில் நகைச்சுவை நாடகங்கள் செய்தன. அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 425இலேயே, ஊர் கேட்காததால் ஸ்பார்ட்டாவோடு தனி ஆளாகச் சமாதானம் செய்துகொள்ளும் ஒரு விவசாயியை மேடையேற்றி முதல் பரிசு வாங்கினார். துன்பியல் செய்தது வேறு வேலை. போர் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக, போருக்குப் பின் மிஞ்சியவரின் பக்கத்தில் நம்மை உட்கார வைத்தது. போர் எதிர்ப்பு என்று முத்திரை குத்திவிட்டால், தயங்கும் டல்தீபியஸும், பிள்ளையின் உடலைக் கழுவும் அவன் கையும் நம் கண்ணில் படாமல் போய்விடும்.

'கத்தார்சிஸ்' பற்றிக் கொஞ்சம்

துன்பியல் என்றதும் எல்லாரும் கேட்கும் சொல் இது. அரிஸ்டாட்டில் அடுத்த நூற்றாண்டில் எழுதியவர். துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அந்த உணர்ச்சிகளின் 'கத்தார்சிஸை' உண்டாக்குகிறது என்றார். மருத்துவத்தில் உடலைச் சுத்தப்படுத்துவதற்கும் சடங்கில் தீட்டுக் கழிப்பதற்கும் புழங்கிய சொல் அது. அழுது தீர்த்து லேசாவது என்று நாம் புரிந்துகொள்கிறோம். அது போதும். அதைவிட எனக்கு உதவியது அவர் இரக்கத்தையும் அச்சத்தையும் பிரித்துச் சொன்ன விதம்தான். தகாத துன்பம் படுகிறவரைப் பார்த்தால் இரக்கம் வரும், நம்மைப் போன்ற ஒருவர் துன்பப்படுவதைப் பார்த்தால் அச்சம் வரும் என்கிறார். ஹெக்யூபாவிடம் இரண்டும் சேர்ந்து வருகின்றன. அவள் எதிரி, ஆனால் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவள் ராணி, ஆனால் பேரனைப் புதைக்கும் போது எந்த வீட்டுப் பாட்டியும்தான்.

அதே ஆண்டு கோடையில்

'ட்ராய் நகரப் பெண்கள்' அடங்கிய வரிசைக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. சில மாதங்களில், கி.மு. 415 கோடையில், அதே ஏதென்ஸ் பெரும் கடற்படை ஒன்றை சிசிலிக்கு அனுப்பியது. நாடகம் யாரையும் நிறுத்தவில்லை.

கி.மு. 413இல் அந்தப் படை முழுதாக அழிந்தது. 7000 பேருக்குக் குறையாமல் பிடிபட்டு சிரக்யூஸ் நகரத்தின் கல் வெட்டியெடுக்கும் குழிகளில் அடைக்கப்பட்டார்கள் என்கிறார் துசிடிடீஸ். மேலே கூரை இல்லை. பகலில் வெயில், இரவில் குளிர், பக்கத்திலேயே செத்தவர்களின் குவியல். ஒரு நாளைக்கு ஒருவருக்குக் கால் லிட்டர் போலத் தண்ணீர், அரை லிட்டர் போலத் தானியம். எட்டு மாதம் அப்படி. ஏதென்ஸ் பல ஊர்களுக்குச் செய்ததை இப்போது தன் உடம்பில் கண்டது.

பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய ப்ளூட்டார்க் ஒரு சேதி சொல்கிறார். சிசிலிக்காரர்களுக்கு யூரிப்பிடீஸின் பாடல்கள் என்றால் உயிர். அவருடைய வரிகளை நினைவிலிருந்து சொல்லிக்கொடுத்த சில ஏதென்ஸ் அடிமைகளை எஜமானர்கள் விடுதலை செய்தார்கள். தோல்விக்குப் பின் திசை தெரியாமல் அலைந்த சிலர், அவருடைய கோரஸ் பாட்டுகளைப் பாடிச் சோறும் தண்ணீரும் வாங்கிக் குடித்தார்கள். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் யூரிப்பிடீஸைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து, எந்தப் பாட்டுக்கு எது கிடைத்தது என்று அவரிடம் சொன்னார்கள்.